ஸ்டேஷன் வாசல்: முன்னாள் கணவர் பாரா நிற்கலாமா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்தான். தமிழில் டப் செய்து வரும் ஒரு அமெரிக்க போலீஸ் சீரியலில் போன வாரம் வந்த எபிசோடு. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு துப்பறியும் அதிகாரி. பத்து வருஷத்துக்கு முன் அவர் உள்ளே தள்ளிய ஒருவன் வெளியே வந்து, பழி தீர்த்துக்கொள்ள அவர் மனைவியைக் குறி வைக்கிறான். மனைவி என்றால் முன்னாள் மனைவி; பிரிந்து நாலு வருஷம் ஆயிற்று. 'இந்தக் கேஸில் நீ தலையிடாதே' என்கிறார் மேலதிகாரி. ஹீரோ கேட்பாரா? ராத்திரி முழுக்க அவள் வீட்டு வாசலில் காரைப் போட்டுக்கொண்டு, காகிதக் கப்பில் காபி குடித்தபடி காவல் இருக்கிறார். கடைசியில் மொட்டை மாடியில் துப்பாக்கிச் சண்டை. அவள் இவர் தோளில் சாய்கிறாள். மழை பெய்கிறது.

நானும் பார்த்தேன். ரிட்டயர் ஆன இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்து போலீஸ் சீரியல் பார்ப்பது பெரிய தண்டனை என்று என் மருமகள் சொல்வாள். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் பார்த்தேன். அதற்குக் காரணம் இரண்டாவது கேள்வியில் வருகிறது. வழக்கம்போல எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

முன்னாள் மனைவி பாதிக்கப்பட்ட வழக்கை அந்த அதிகாரியே விசாரிக்க நம்மூரில் விடுவார்களா?
— வாசகர், அம்பத்தூர்

விட மாட்டார்கள். அதற்கு முன் அவரே கேட்டு விலகிக்கொள்வார். உதவி கமிஷனருக்கு நாலு வரியில் ஒரு கடிதம்: 'பாதிக்கப்பட்டவர் எனக்கு உறவு முறை உள்ளவர், வேறு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.' கேஸ் ஃபைல் வேறு இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போய்விடும். இதில் தியாகம் ஒன்றும் இல்லை, கோர்ட் பயம்தான். கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே, 'பாதிக்கப்பட்டவர் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்பதாக இருக்கும். 'முன்னாள் மனைவி' என்று பதில் வந்தால், அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அந்தப் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொன்று. ஹீரோ அவனைச் சுவரோடு சேர்த்து நெருக்கி 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வைக்கிறாரே, அது இங்கே கோர்ட்டில் செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 23. அரை மணி நேரம் மூச்சு வாங்கியதெல்லாம் வீண்.

பிரிந்து போனவளுக்காக ராத்திரி முழுக்க வாசலில் நின்றாரே, அதைப் பார்த்து அழுதுவிட்டேன். நம்ம போலீஸ்காரர்களில் அப்படி ஒருத்தர் இருப்பாரா மேடம்?
— வாசகி, ஓட்டேரி

ஒருத்தரை நேரில் பார்த்திருக்கிறேன் அம்மா. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வடசென்னையில் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் நான் இன்ஸ்பெக்டர். மார்கழி மாதம். காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். தோளில் டிபன் பாக்ஸ் பை. நேராக வேலைக்குப் போகிற அவசரம். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரண்டு பக்கப் புகாரை நீட்டினாள்.

அவள் முன்னாள் கணவர் வேறொரு ஸ்டேஷனில் குற்றப் பிரிவு எஸ்.ஐ. இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்து. இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை அம்மாவிடம். அந்த எஸ்.ஐ. பிடித்துக் கொடுத்த ஒரு செயின் பறிப்பு ஆசாமி ஜாமீனில் வந்து, கோர்ட் வராந்தாவில் வைத்தே அவரிடம் சொல்லியிருக்கிறான்: 'சார், உங்க வீட்டம்மா எந்த பஸ்ஸுல போறாங்கன்னு எனக்குத் தெரியும்.' விவாகரத்து ஆன விஷயம் அவனுக்குத் தெரியவில்லை. பழைய தகவலை வைத்து மிரட்டியிருக்கிறான். ஆனால் பஸ் நம்பர் சரியாக இருந்தது. 29சி.

அன்று ராத்திரியிலிருந்து எஸ்.ஐ. டியூட்டி முடிந்ததும் அவள் தெருவுக்கு வந்துவிடுவார். எதிர்ப்பக்கம் டீக்கடை. பத்து மணியிலிருந்து விடியற்காலை நாலு வரை பைக்கில் உட்கார்ந்திருப்பார். ஐந்து நாள் ஆயிற்று.

புகார் யார் மேல் என்று பார்த்தேன். ரவுடி பெயர் முதல் பத்தியோடு சரி. மீதி ஒன்றரைப் பக்கமும் எஸ்.ஐ. மேல்.

நான் சிரித்தேன். சிரித்தது மட்டும் இல்லை, சொல்லவும் சொன்னேன்: "ஏம்மா, ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் பாரா போடுங்கன்னு மனு மேல மனு கொடுக்கிறாங்க. உனக்குக் கேட்காமலே வந்திருக்கு. அதுக்கு ஒரு கம்ப்ளெயின்ட்டா?" பக்கத்தில் இருந்த ரைட்டரும் சிரித்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "மேடம், அவர் வண்டி சைடு ஸ்டாண்ட் போடுற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். ஏழு வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான் முழிச்சிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு என்ன மூடுல வர்றாரோன்னு. இப்போ அஞ்சு நாளா மறுபடியும் முழிச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள். ஹவுஸ் ஓனர் வேறு, 'தினமும் வாசலில் போலீஸ் நிற்கிற வீடு என்று பெயர் ஆகிவிட்டது, தை பிறந்ததும் வேறு இடம் பாருங்கள்' என்று சொல்லிவிட்டாராம். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'அப்பா ஏன் மேலே வராமல் கீழேயே இருக்கார்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த வசதி இல்லை, என் பெயர்ப் பலகை மேஜை மேல் இருந்தது. பிரிந்து போன ஒருத்தனிடமிருந்து ஒரு பெண் எதை விட்டுவிட்டு வந்தாளோ, அதையே அவன் பாதுகாப்பு என்ற பெயரில் திரும்பக் கொண்டு வர முடியும் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. அத்தனை வருஷ சர்வீஸில்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு நானே போனேன். டீக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்ந்தபடி ஒரு உருவம். தலையில் மங்கி கேப். கண்ணாடியில் ஹெல்மெட் தொங்குகிறது. காலடியில் ஒரு ஃபிளாஸ்க். ஜீப் வெளிச்சம் பட்டதும் இறங்கி சல்யூட் அடித்தார்.

"தம்பி, டியூட்டியா, சொந்தமா?"

"சொந்தம்தான் மேடம்."

"பாஸ்போர்ட் இருக்கா?"

வாசகர்கள் குழம்ப வேண்டாம். ஸ்டேஷன் பாஷையில் பாஸ்போர்ட் என்றால், இன்னார் இன்ன வேலையாக இன்ன இடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் இன்னொரு லிமிட்டில் போய் நின்றால் நீங்கள் போலீஸ் இல்லை, ராத்திரியில் ஒரு பெண் வீட்டுக்கு எதிரே நிற்கிற ஆள். அவருக்கும் இது தெரியும். ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "ஏதாவது ஆச்சுன்னா குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்றது மேடம்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்துபோன மனுஷன். அவர் பயத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"அவன் மிரட்டினதை எழுத்துல கொடுத்தியா?" என்று கேட்டேன். கொடுக்கவில்லை! ஐந்து ராத்திரி கண் விழித்திருக்கிறார், ஐந்து வரி எழுதவில்லை. மறுநாள் எழுதி வாங்கினோம். கொலை மிரட்டல் வழக்கு பதிவானது. அதை வைத்து அரசு வக்கீல் மூலம் ஜாமீனை ரத்து செய்ய மனு போட்டு, மூன்றாவது வாரம் ரத்தும் ஆயிற்று. அதுவரைக்கும் அந்த லிமிட் ஸ்டேஷனில் பேசி, அவள் வீட்டு கேட்டில் பட்டா புத்தகம் மாட்டினோம். ரோந்து போகிற போலீஸ்காரர் வந்து பார்த்ததற்கு அடையாளமாக நேரம் போட்டுக் கையெழுத்திடும் நோட்டு அது. பேங்க், நகைக்கடை, ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீடு, இங்கெல்லாம் மாட்டியிருப்போம். ராத்திரி பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று ஏற்பாடு. யாரோ இரண்டு கான்ஸ்டபிள்கள். அவளுக்கு அவர்கள் முகம் தெரியாது, அவர்களுக்கு அவள் கதை தெரியாது. வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள்.

எஸ்.ஐ. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "கையெழுத்து ஒழுங்கா விழுதான்னு மட்டும் நான் தினமும் வந்து பார்த்துக்கட்டுமா மேடம்?" கூடாது என்றேன். நான் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் பார்த்தேன். ஒன்பதாம் நாள் பன்னிரண்டு மணிக் கையெழுத்தும் மூன்று மணிக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கை. ஒரே தடவையில் இரண்டையும் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார் மகராசன். அன்றைக்கு நான் போட்ட சத்தம் மைக்கில்லாமலே கன்ட்ரோல் ரூமுக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பெண்ணிடம், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்ற நினைப்பு. அந்த எபிசோடை வாயைத் திறக்காமல் பார்த்தது அதனால்தான். சீரியலில் ஒரு இடத்தில்கூட யாரும் அவளிடம், 'அவர் இங்கே நிற்பது உனக்குச் சம்மதமா' என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துவிடுவார்களா?
— வாசகி, நங்கநல்லூர்

அடுத்த சீசனுக்குப் பணம் போடுகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு விவாகரத்து ஆகி 3 வருஷம். முன்னாள் கணவர் என் ஆபீஸ் வாசலில் வந்து வந்து நிற்கிறார். புதுப்புது நம்பரிலிருந்து மெசேஜ் வேறு. புகார் கொடுக்கப் போனால், 'குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்குத்தான், நீங்கள்தான் பிரிந்துவிட்டீர்களே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையா?
— வாசகி, வேளச்சேரி

உண்மை இல்லை. உங்களைத் திருப்பி அனுப்பியவர் அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவைக்கூடப் படிக்கவில்லை. 2005-ல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. 'ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற, அல்லது எந்தக் காலத்திலாவது வாழ்ந்த' என்றுதான் அதில் இருக்கிறது. இறந்த காலத்தையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார்கள். திருமண வாழ்க்கையின்போது நடந்த கொடுமைக்காக, விவாகரத்துக்குப் பிறகும் இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. மனு போடும் நாளில் அந்த உறவு தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2022-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் கையில் எடுப்பது வேறு பிரிவு. இப்போது நடப்பது பின்தொடர்தல். பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு, பழைய இ.பி.கோ.வில் 354டி. இதற்கு அவர் கணவராக இருந்தாரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஒரு பெண் தனக்கு விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் வருவது, தொடர்பு கொள்ளப் பார்ப்பது குற்றம். அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பதும் அதில் அடங்கும்.

அந்த 'தெளிவாக' என்ற இடத்தில்தான் பல கேஸ் வழுக்கிவிடும். எத்தனையோ பேர் பயத்தில் பதிலே போடாமல் இருப்பார்கள். அல்லது பாதி ராத்திரியில் கோபத்தில் நாற்பது மெசேஜ் போட்டுவிடுவார்கள். அதில் ஒன்று 'நீ திருந்தியிருந்தா நாம இப்படி ஆகியிருப்போமா' என்று இருக்கும். எதிர் வக்கீல் அந்த ஒன்றை மட்டும் பிரின்ட் எடுத்து வருவார். அதனால் ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள்: 'என்னை நேரிலோ போனிலோ தொடர்பு கொள்ள வேண்டாம். என் ஆபீஸ் பக்கம் வர வேண்டாம்.' அவ்வளவுதான். ஏன், எதற்கு, நீ செய்தது என்ன என்பதெல்லாம் வேண்டாம். அப்புறம் அவர் என்ன அனுப்பினாலும் பதில் போடாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள்.

ஆபீஸ் செக்யூரிட்டியிடம் இன்றைக்கே பேசுங்கள். சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்து அதன் மேலேயே புதிது ஏறிவிடும். அவர் வந்து நின்ற தேதி, நேரம் சொல்லி அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டில் நீங்களும் எழுதி வாருங்கள். சட்டை நிறம் வரைக்கும் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் அங்கேயே நின்று சண்டை போட வேண்டாம். புகாரைப் பதிவுத் தபாலில் டெபுடி கமிஷனருக்கு அனுப்பலாம். அதற்கும் அசைவு இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வழி இருக்கிறது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் தரலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். ஸ்டேஷனிலேயே கொடுத்தால், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். 'விசாரிக்கிறோம், போங்க' என்பது ரசீது ஆகாது.

சீரியலில் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். இந்தியாவில் அது உண்டா?
— வாசகர், தாம்பரம்

அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு 1970-ல் வந்த சட்டத்திலிருந்து இருக்கிறது. யு.எஸ். மார்ஷல்கள் நடத்துகிறார்கள். நமக்கு வந்தது ரொம்பத் தாமதம். 2018-ல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்னது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 398-வது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இதற்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

2018 திட்டத்தில் மிரட்டலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 'ஏ'. விண்ணப்பம் போனதும் அந்தப் பகுதி உதவி கமிஷனரிடமிருந்து 5 வேலை நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். முடிவு செய்வது மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு. போன் நம்பர் மாற்றுவது, வீட்டில் கேமரா, கூடவே காவலர், இடம் மாற்றுவது, தேவைப்பட்டால் பெயரை மாற்றுவது வரை எல்லாம் தாளில் இருக்கிறது. ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் போகாது; அப்புறம் மறுபடி பார்க்க வேண்டும்.

எனக்கு அதில் வேடிக்கையாகப் பட்டது ஒரு வரி. சாட்சியோடு சேர்த்துப் பாதுகாப்புப் பெறும் 'குடும்ப உறுப்பினர்' யார் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அம்மா அப்பா, கணவன் மனைவி, அண்ணன் தம்பி அக்கா தங்கை, பிள்ளை, பேரப்பிள்ளை, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்கூட இருக்கிறார். முன்னாள் மனைவி இல்லை! அவள் தானே சாட்சியாக இருந்தால் தன் பெயரில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், 29சி பஸ்ஸில் போன அந்தப் பெண்ணைப்போல, அவர் மேல் இருக்கிற பகைக்காக இவளைத் தேடுகிறான் என்றால், எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? பழி வாங்க வருகிறவன் விவாகரத்துத் தீர்ப்பைப் படித்துவிட்டா வருகிறான்?

என் முன்னாள் கணவரே போலீஸ்தான். மிரட்டுவதும் அவர்தான். சீரியலைப் பார்த்து எல்லோரும் உருகுகிறார்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எந்த ஸ்டேஷனுக்குப் போவது? எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்தவர்கள்.
— பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி

உங்கள் எரிச்சல் நியாயம்தான். இந்த வாரக் கடிதங்களில் உங்களுடையதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அவர் சமூக நலத்துறை ஆள். உங்கள் முன்னாள் கணவருக்கு சல்யூட் அடிக்கவோ அவரிடமிருந்து வாங்கவோ வேண்டியவர் இல்லை. கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். 181 மகளிர் உதவி எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நடந்ததையும் தேதியோடு சொல்லுங்கள், இப்போது நடப்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கோர்ட் வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த 60 நாள் எவ்வளவு நீளும் என்று தெரியும். அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிரிமினல் புகாரை அவர் வேலை பார்க்கும் லிமிட்டில் கொடுக்க வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். அதோடு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். உள் விஷயம் ஒன்று சொல்கிறேன்: எங்கள் ஆட்களில் பலர் எஃப்.ஐ.ஆருக்குப் பயப்படுவதைவிட 3(பி) மெமோவுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். துறை நடவடிக்கை. பிரமோஷன், இன்கிரிமென்ட் எல்லாம் அங்கேதான் மாட்டும்.

அந்தச் சீரியல் நடக்கிற நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, கதை எழுதியவர்கள் ஏனோ அதைத் தொடவில்லை. மனைவியையோ முன்னாள் மனைவியையோ அடித்த குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று 1996-ல் கொண்டு வந்தார்கள். போலீஸ்காரர் என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

கடிதத்தின் கடைசியில் இருந்த போன் நம்பருக்கு நான் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.

கல்யாணம் ஆன காலத்தில் கணவன் தன்னிடம் சொன்ன ரகசியத்தை அந்தப் பெண் கோர்ட்டில் சொல்லப் போவதாக ஒரு காட்சி. விவாகரத்து ஆகிவிட்டால் சொல்லலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

நல்ல கேள்வி சார். சொல்ல முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 122-வது பிரிவு, இப்போதைய சாக்ஷ்ய அதிநியமில் 128. திருமண காலத்தில் ஒருவர் மற்றவரிடம் பேசியதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. சொன்னவர் சம்மதிக்காமல் வெளியிட அனுமதிக்கவும் கூடாது. 'திருமணமாகியிருக்கிற அல்லது திருமணமாகியிருந்த' என்றே பிரிவு ஆரம்பிக்கிறது. தாலி இறங்கினாலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். ஆனால் இருவருக்கும் இடையிலேயே வழக்கு என்றாலோ, ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றம் என்றாலோ இது பொருந்தாது. தவிர, பூட்டு பேச்சுக்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் ரத்தக் கறைச் சட்டையைத் துவைத்ததைக் கண்ணால் பார்த்தாள் என்றால் அதைச் சொல்லத் தடை இல்லை.

நான் போலீஸ் இல்லை, கூரியர் கம்பெனியில் வேலை. பிரிந்துபோன மனைவிக்கு இப்போது வேறொருவனால் தொந்தரவு. எனக்குத்தான் போன் செய்கிறாள். போகலாமா, கூடாதா?
— வாசகர், கோடம்பாக்கம்

உங்களுக்கு அவளே போன் செய்கிறாள். அந்த எஸ்.ஐ. கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். போனை எடுங்கள். 'நான் என்ன செய்யணும்னு சொல்லு' என்று கேளுங்கள். ஆபத்து கண் முன்னால் என்றால் 112 அடித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள், கிளம்பிவிட்டு அடிக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், அவள் அண்ணனோ தம்பியோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டேஷனுக்கு அவள் வரச் சொன்னால் போய் பெஞ்சில் உட்காருங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும். கிரிக்கெட் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிரிக்காதீர்கள், மட்டையோடு வந்த மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறினார்கள், அந்த வேறொருவன் புகார்தாரர் ஆனான்.

நீங்கள் சேர்ந்த காலத்தில் பெண் போலீஸ் எத்தனை பேர் மேடம்? அப்போதே மகளிர் ஸ்டேஷன் இருந்ததா?
— கல்லூரி மாணவி, சிந்தாதிரிப்பேட்டை

தமிழ்நாட்டில் 1973-ல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள் என்று ஆரம்பித்தது. முதல் மகளிர் காவல் நிலையம் 1992-ல் ஆயிரம்விளக்கில். நான் அந்த இரண்டுக்கும் நடுவில் வந்தவள். வந்த புதிதில் ஸ்டேஷனில் எங்களுக்குத் தனி கழிப்பறை கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் சாவி.

சீரியல் போலீஸ் காரில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். நைட் டியூட்டியில் நீங்கள் என்ன குடிப்பீர்கள்?
— வாசகர், பெரம்பூர்

சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருவாரே, அவரிடம் சுக்கு காபி. ராத்திரி இரண்டு மணிக்கு எந்தத் தெருமுனையில் இருப்பார் என்று கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். அந்த மார்கழியில் எஸ்.ஐ.யை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போதும் அவரிடம்தான் நிறுத்தினேன். "தினமும் அந்தத் தெருவுல ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே மேடம், அவருக்கு ஒரு கிளாஸ் எடுத்து வெச்சிருக்கேன், இன்னைக்குக் காணோமே" என்றார். அதையும் நானே குடித்தேன்.